நாற்பத்து மூன்று பேருக்கு என் முகம்

வடகரை,
ஜூலை 24.

‘திரைவழி’ மாத இதழின் ஆசிரியர் அய்யா அவர்களின் சமூகத்துக்கு,

வடகரை கீழத்தெருவிலிருந்து குழல்வாய்மொழி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் இரண்டு வாரமாக விடாமல் தூறுகிற சாரலும் சுகம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவர்களும் சுகமாக இருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டிக்கொள்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும். ஜூலை இதழின் ஏழாம் பக்கத்தில் அதைப் பாதிப் பக்கத்துக்கு வண்ணத்தில் போட்டிருக்கிறீர்கள். படத்துக்குக் கீழே ‘வடிவம்மாள், வயது 56, பீடித் தொழிலாளி, மூன்று மகன்களின் தாய்’ என்றும், மேலே பெரிய எழுத்தில் ‘கல்வி வயதைக் குறைக்கும்!’ என்றும் இருக்கிறது. எனக்கு வயது பதினேழு. எனக்கு மகன்கள் இல்லை. படத்தைப் பார்த்த ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. இயந்திரம் சொன்ன பிறகு மனிதர்கள் சந்தேகப்படக்கூடாது என்பதை இந்த இதழை நடத்துகிற உங்கள் அறக்கட்டளையே எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

படம் வந்ததற்காக மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். சொல்லப்போனால், என் முகத்துக்குக் கீழே வேறொருவர் பெயர் இருப்பது எனக்கு வசதிதான். நான் நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்காதவள். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட, வேறு யாராவது ‘ஆள் எறங்கணும்’ என்று சத்தம் கொடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே செங்கோட்டை வரை போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். எழுதுவது வேறு. தாள் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகப் போனால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் அறக்கட்டளை இந்த வருடம் ‘மீண்டும் பத்தாவது’ என்று ஒரு திட்டம் அறிவித்திருக்கிறது. பத்தாம் வகுப்பை முடிக்காமல் நின்றுபோன, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தினமும் மாலையில் திரை வழியாகப் பாடம், அதன் பிறகு தனித்தேர்வராகப் பரீட்சை. நான் பத்தாவதில் காலாண்டுத் தேர்வோடு நின்றவள். அம்மாவுக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் நடந்த வருடம் அது. மறுபடி படிக்கட்டுமா என்று போன மாதம் அம்மாவிடம் கேட்டேன். வாயால் கேட்கவில்லை, ஒரு துண்டுத் தாளில் எழுதி, அம்மா பீடி சுற்றும் சொளவில், அதாவது முறத்தில், இலைக்கு நடுவே வைத்தேன். அம்மா படித்துவிட்டு, ‘வீட்ல இருந்துக்கிட்டே படிக்கதா இருந்தா படி. டுட்டோரியல், அது இதுன்னு வெளியூருக்கு அனுப்பமாட்டேன்’ என்றாள். வீட்டிலிருந்தே படிக்கிற வழி இந்தத் திட்டம் ஒன்றுதான். பதிவுக்குக் கடைசி நாள் ஜூலை 31. அக்டோபரில் எனக்குப் பதினெட்டு முடிந்துவிடும். இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

பதிவு செய்ய, அறக்கட்டளை எங்கள் தெருவுக்குக் கொடுத்திருக்கிற டேப்பை (கைக்கணினியை) எடுத்து வைத்து, தலைவாரி, பொட்டு வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தேன். பச்சை வட்டம் ஒன்று என் முகத்தைச் சுற்றி வந்தது. பிறகு, ‘வணக்கம் வடிவம்மாள்! இந்த வயதிலும் குறையாத உங்கள் கற்கும் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். இத்திட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே. உங்கள் வீட்டில் உள்ள இளையவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாமே!’ என்று எழுத்து வந்தது. கூடவே பூங்கொத்துப் படமும் வந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குத் திருத்தம் போட வசதியாக இருக்கும்.

எங்கள் தெருவில் நாற்பத்தைந்து வீடு. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பீடி சுற்றுகிறார்கள். சுற்றிய பீடியைப் பீடிக்கடையில் போட்டு வர நாற்பத்தைந்து பேர் போவதில்லை. நான் ஒருத்திதான் போவேன். எல்லார் வீட்டுப் பீடிக்கட்டுகளையும் ஒரு பெட்டியில் அடுக்கி, எல்லார் நோட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால், கடைக்காரர் வாங்கிப் பார்த்துக் குறித்துக் கொடுப்பார். அங்கே நான் பேச வேண்டியதே இல்லை என்பதால் எனக்கும் அந்த வேலை பிடிக்கும். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவைப்பது, ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுப்பது எல்லாம் அப்படித்தான். எங்கள் தெருவைப் பொறுத்தவரை, ஒருத்தி போனால் தெருவே போன மாதிரி.

போன ஐப்பசியில் உங்கள் அறக்கட்டளையின் களப்பணியாளர் லிங்கேஸ்வரன் அண்ணன், தென்காசியிலிருந்து பைக்கில், மழைக்கோட்டும் தானுமாக வந்து இறங்கினார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கணினி எழுத்தறிவுப் பயிற்சி, பன்னிரண்டு பாடம், தெருவுக்கு ஒரு டேப் என்று சொன்னார். முதல் நாள் வேலை முகத்தைப் பதிவது.

‘எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க. ஒரு நிமிசம்தான்.’

‘இன்னைக்குப் பீடி போடுத நாளு தம்பி. எவளால எந்திரிக்க முடியும்?’ என்றாள் வடிவம்மாள் அத்தை, சொளவிலிருந்து கண்ணை எடுக்காமல். வடிவம்மாள் அத்தை எங்களுக்கு எதிர் வீடு. தெருவில் யாருக்கு எது என்றாலும் முதல் குரல் அவளுடையதுதான். என்னை அவள் ‘மொழி’ என்றுதான் கூப்பிடுவாள்.

‘அப்ப நாளைக்கு வாரேன்.’

‘நாளைக்கு எலை நனைக்கணும்.’

‘நாளான்னைக்கு?’

‘ஏலே, நீ என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்க, மூஞ்சி மூஞ்சிங்க? இந்தா மொழி நிக்கா. எல்லாத்துக்கும் சேத்து அவ காட்டுவா. எழுதிக்கோ.’

லிங்கேஸ்வரன் அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு மேற்கே மலையைப் பார்த்தார். அது இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு போனைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் நாற்பது பேரைப் பதிந்தாக வேண்டும் என்று தென்காசியிலிருந்து நான்காவது முறையாகக் கேட்டிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரும் இன்ஜினீயரிங் முடித்து நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். கடைசியில், ‘சரி, நீ இங்கன உக்காருட்டி’ என்றார்.

முதலில் கையில் வந்தது வடிவம்மாள் அத்தையின் ஆதார் நகல். ‘வடிவம்மாள், கேமராவைப் பாருங்கள்’ என்றது டேப். பார்த்தேன். ‘மிக நன்று’ என்றது. ‘ஆவுடைத்தாய், இடது பக்கம் திரும்புங்கள்.’ திரும்பினேன். ‘மிக நன்று.’ ‘சண்முகசுந்தரி, இமையுங்கள்.’ இமைத்தேன். ‘மிக நன்று.’ இப்படி நாற்பத்து மூன்று தடவை. இரண்டு வீட்டில் நாற்பது வயதுக்கு மேல் பெண்கள் இல்லை, இல்லாவிட்டால் நாற்பத்தைந்து. ஒன்பது வருடப் பள்ளிக்கூடத்தில் வாங்காத ‘மிக நன்று’களை எல்லாம் ஒரு மழை நாளில், கண்ணை மூடித் திறந்தே வாங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு பாடமும் என் தலையில்தான் விழுந்தது. பாடம் ஓடும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முகத்தைக் காட்டச் சொல்லும். காட்ட வேண்டிய முகம் என்னுடையது. ஆகவே பன்னிரண்டு பாடத்தையும் நாற்பத்து மூன்று முறை நான்தான் கேட்டேன். ஏழாம் பாடத்தில் ஒரு மாமா வருவார். ஓடிபி எண்ணை ஏமாற்றுக்காரனிடம் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்காருவார். நாற்பத்து மூன்று தடவையும் அவர் சொல்லிவிட்டார். இருபதாவது தடவைக்கு மேல் எனக்கு அவர்மேல் இருந்த இரக்கமே போய்விட்டது.

பரீட்சை வந்தபோதுதான் மனம் உறுத்தியது. எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு வாங்கிக் கொடுத்தால் அது ஏமாற்று வேலை. அதனால் ஒவ்வொருவரையும் மனதில் நினைத்து, அவர்களே உட்கார்ந்திருந்தால் என்ன பதில் சொல்வார்களோ அதையே சொன்னேன். சண்முகசுந்தரி மதினி யார் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அவளுக்கு ஓடிபி கேள்வி எல்லாவற்றையும் தப்பாகப் போட்டேன். ஆவுடைத்தாய் சித்தி எந்த வேலையையும் பாதியில் விட்டுவிட்டுப் பேசப் போய்விடுவாள். அவளுக்குப் பதினைந்தாம் கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கு ஐம்பத்தொன்பது. பெற்ற தாய் என்பதற்காக ஒரு மதிப்பெண்கூடக் கூட்டவில்லை. வடிவம்மாள் அத்தையை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அவள் ஒருத்திக்குத்தான் நூறு வந்தது. நான் செய்த நியாயத்துக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்தேன்.

சான்றிதழ் வந்த அன்று சாயங்காலம் சண்முகசுந்தரி மதினி எங்கள் வாசலில் வந்து நின்றாள். ‘எனக்கு என்னட்டி நாப்பத்தெட்டு? அந்த ஆவுடைக்கு அம்பத்திரெண்டு! அவளவிட நான் எதுல கொறஞ்சி போயிட்டேன்?’

‘இல்ல மதினி, யாராவது ஓடிபி கேட்டா நீங்க சொல்லிருவீங்கள்லா...’ என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

‘கேட்டா சொல்லாம? கேக்கவன் என்ன அவசரத்துக்குக் கேக்கானோ, பாவம்!’

மறுமதிப்பீடு வேண்டும் என்று ஏழு பேர் கேட்டார்கள். அந்த டேப்பை ஒருநாளும் தொட்டுப் பார்க்காத பெண்கள், மதிப்பெண் குறைந்ததற்காக ஒரு வாரம் என் அம்மாவோடு பேசவில்லை. அம்மாவும் என்னோடு பேசவில்லை. அவளுக்கும் ஐம்பத்தொன்பது குறைவாகத்தான் பட்டிருக்கிறது.

பிறகு தெருமுனையில் ‘முழுக் கணினி எழுத்தறிவு பெற்ற தெரு’ என்று பலகை நட்டார்கள். நட்ட மறுவாரத்திலிருந்து பீடிக்கடை, கேஸ், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு இடமாக எங்களுக்குக் காகிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ‘அதான் தெருவே படிச்சாச்சில்லா, இனி எல்லாம் ஆப்புலயே பாத்துக்கிடுங்க’ என்றார்கள். ஆகவே இப்போது என் மஞ்சள் பையில் நோட்டுகளுக்குப் பதில் போன்கள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது பைக்குள் ஒரே நேரத்தில் பதினெட்டு சாமிப் பாட்டு அடிக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மே மாதத்தில் உங்கள் இயந்திரத்துக்குப் புதிதாக அறிவு வந்தது. ஒரு முகத்துக்கு ஒரு ஆள்தான் இருக்க முடியும் என்று யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது முதலில் பதிந்த பெயரை வைத்துக்கொண்டு மற்ற நாற்பத்திரண்டு பெயரையும் என் முகத்திலிருந்து துடைத்துவிட்டது. கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்குகிற வசதி மட்டும் அதற்கு இல்லையாம். அதனால் அவர்கள் சான்றிதழெல்லாம் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாகத் தொங்குகிறது. நான் மட்டும் நிரந்தரமாக வடிவம்மாள் ஆகிவிட்டேன்.

ஜூன் தொடக்கத்தில் லிங்கேஸ்வரன் அண்ணன் மறுபடி வந்தார். மாவட்டத்திலேயே நூறு வாங்கியவர் வடிவம்மாள் ஒருவர்தான், அவருக்குக் குற்றாலத்தில் பன்னாட்டுக் கருத்தரங்கில் விருது என்றார்.

‘அப்போ நான் கெளம்புதேன்’ என்று எழுந்தாள் வடிவம்மாள் அத்தை.

‘நீங்க இல்ல அத்த. வாசல்ல மிசின் மூஞ்சியப் பாத்துதான் உள்ள விடும். மிசினுக்கு இவதான் வடிவம்மாள்.’ பிறகு என் பக்கம் திரும்பி, ‘நீ ஒன்னும் பேசாண்டாம்ட்டி. மேடையில ஏறு, நில்லு, எறங்கு. பேசாம நிக்கதுக்கு ஒன்ன விட்டா இந்த மாவட்டத்துல ஆள் கெடையாது’ என்றார். என் வாழ்க்கையில் ஒருவர் என் திறமையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

‘என் பேருக்குப் பரிசு. நான் வராண்டாமா? நீ யாருலே எனக்கு உத்தரவு போட?’ என்று வடிவம்மாள் அத்தையும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கருத்தரங்கின் பெயர் ‘வளரும் நாடுகளில் தகவல் தொழில்நுட்பமும் கல்வியும் புத்தாக்கமும்’. மூன்று நாள். அதைச் சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஏன் வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் துண்டுமாக அறிஞர்கள் ஐந்தருவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் குப்புறப் படுத்திருந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், ‘கடைக்கோடி மனிதனை நாம் இன்னும் தொடவில்லை’ என்று போனில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகில் குத்திக்கொண்டிருந்தவர் கொஞ்சம் பலமாகவே குத்தினார்.

மண்டப வாசலில் இருந்த இயந்திரம் என்னைப் பார்த்ததும் ‘நல்வரவு வடிவம்மாள்’ என்று பாடி, அட்டை ஒன்றைத் துப்பியது. நான் உள்ளே போய்விட்டேன். எனக்குப் பின்னால் வந்த வடிவம்மாள் அத்தையைப் பார்த்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. ‘பதிவு இல்லை.’

‘ஏலே, நாந்தாம்லே வடிவம்மாள்!’

‘வடிவம்மாள் உள்ள போயாச்சும்மா’ என்றார் காவலாளி.

‘போயாச்சா? அப்போ நான் யாரு?’

‘அது எனக்கு எப்படிம்மா தெரியும்? வெளிய நில்லுங்க.’

உள்ளே நூற்றைம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் நானும் ஒலிபெருக்கிக்காரரும் லிங்கேஸ்வரன் அண்ணனும் இருந்தோம். பதினொரு மணி வாக்கில் மலையில் மழை கூடி, எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அதனால்தான் கருத்தரங்கு நடந்தது. ஈரத் தலையோடு அத்தனை அறிஞர்களும் ஒன்றாகத் திரும்பி வந்ததில் வாசல் இயந்திரம் திணறிப்போய், ஒருவரைக்கூட அடையாளம் தெரியாமல் எல்லோருக்கும் சிவப்பு விளக்கைக் காட்டியது. காவலாளி அதை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். கென்யாவிலிருந்து வந்த குழுவுக்கு நடுவில் வடிவம்மாள் அத்தையும் உள்ளே வந்து, முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

டெல்லியிலிருந்து வந்திருந்த உங்கள் அறக்கட்டளை இயக்குநர் அபர்ணா மேடம் என்னை மேடைக்கு அழைத்தார். பின்னால் திரையில் என் முகம், அதன் பக்கத்தில் 56 என்ற எண். கென்யா நாட்டு அம்மா ஒருவர் எழுந்து, திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, ‘இவருக்கு உண்மையாகவே ஐம்பத்தாறு வயதா?’ என்று கேட்டார். எங்கள் மென்பொருள் தொண்ணூற்றொன்பது சதவீதம் துல்லியமானது என்று மேடம் பதில் சொன்னார். எல்லோரும் அந்தச் சதவீதத்துக்குக் கைதட்டினார்கள். பிறகு மேடம், இந்தப் பயிற்சியால் உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்டு, ஒலிவாங்கியை என் வாய்க்கு முன்னால் நீட்டினார். நான் அதைப் பார்த்தேன். அதில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. எண்ண ஆரம்பித்தேன். முப்பது வரை எண்ணியிருப்பேன்.

‘அந்தப் பிள்ள பேசாது. நான் பேசுதேன்’ என்று வடிவம்மாள் அத்தை எழுந்துவிட்டாள். ‘ஏம்மா, நாந்தான் வடிவம்மாள். ஒங்க மிசினுக்குக் கண்ணாடி போடணும். எங்களுக்கு நேரமில்லன்னு எங்க தெருப் பிள்ளைய அனுப்பினோம். அது எங்க வழக்கம். இவ நாப்பத்து மூணு பேருக்கும் குந்தியிருந்து படிச்சா. நீங்க இம்புட்டு பேரு பிளேன்ல வந்து குளிச்சிட்டுப் போறீங்களே, இவ ஏன் பள்ளிக்கூடத்த விட்டான்னு எவராவது கேட்டீங்களா? பரிச அவ பேர்ல குடுங்க. என் பேர எனக்குத் திருப்பித் தந்துருங்க!’

மேடம் மொழிபெயர்க்கச் சொல்லி லிங்கேஸ்வரன் அண்ணனைப் பார்த்தார். அவருக்கு வியர்த்திருந்தது. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் முடித்தார். அதில் எனக்குப் புரிந்தது ‘தேங்க்யூ’ மட்டும்தான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலில்தான் உங்கள் புகைப்படக்காரர் என்னைப் படம் எடுத்தார். நான் சிரிப்பது போல் அதில் தெரியும். அது சிரிப்பு இல்லை.

டீ இடைவேளையில் அந்தக் கென்யா அம்மா, வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு என் பக்கம் வந்தார். என் அட்டையைப் பார்த்தார். தூரத்தில் காவலாளியோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்த வடிவம்மாள் அத்தையைப் பார்த்தார். எனக்கே விளங்கும்படியான ஆங்கிலத்தில், ‘எங்கள் ஊரிலும் ஒரு பெண் இருக்கிறாள். அறுபது அம்மாக்கள்’ என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வளரும் நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடையில் பலரும் பேசினார்கள். பஜ்ஜிக்குப் பக்கத்தில் அது நடந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இப்போது பதிவுக்கு வருகிறேன். டேப் என்னை வடிவம்மாள் என்று வாழ்த்தி அனுப்பிய அன்றே உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அதில் பேசுவதும் மனிதர் இல்லை. ‘உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்’ என்றது. சொன்னேன். ‘மன்னிக்கவும், கேட்கவில்லை’ என்றது. மறுபடி சொன்னேன். ‘மன்னிக்கவும், கேட்கவில்லை.’ பார்த்துக்கொண்டிருந்த வடிவம்மாள் அத்தை போனைப் பிடுங்கினாள்.

‘ஏலே, ஒனக்குக் காது அடச்சிருக்கா? பிள்ள எம்புட்டு நேரமாச் சொல்லுதா!’

‘தமிழில் பேச ஒன்றை அழுத்தவும்.’

‘நான் பெறகு என்னத்துலலே பேசுதேன்?’

‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று அது வைத்துவிட்டது. அத்தையை வாயால் தோற்கடித்த ஒரே ஆள் இந்த உலகத்தில் அதுதான்.

லிங்கேஸ்வரன் அண்ணனிடம் எழுதிக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். ‘வடிவம்மாள அழிச்சாத்தான் மிசின் ஒன்னச் சேக்கும். வடிவம்மாள அழிச்சா விருது என்னாகும்? மேடம் டெல்லியில அந்தப் படத்தக் காட்டித்தான் அடுத்த வருசத் திட்டத்துக்கே பணம் கேட்டிருக்காவ. என் வேலையும் அதுலதாம்ட்டி தொங்குது’ என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எனக்கு என்னையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆகவே தங்களிடம் கேட்கிறேன். உங்கள் இதழில் அச்சாகிவிட்டால் மேடத்தின் அலுவலகம் அதை நம்பித்தான் ஆக வேண்டும். பெரிதாக வேண்டாம். ‘ஏழாம் பக்கத்துப் படத்தில் இருப்பவர் வடிவம்மாள் அல்ல, குழல்வாய்மொழி, வயது பதினேழு’ என்று எங்காவது ஓரத்தில் ஒரு வரி. வடிவம்மாள் அத்தையின் உண்மையான படம் ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அதை அவள் பெயரோடு போட்டுவிடுங்கள். நான் இத்தனை பக்கம் எழுதியது அந்த ஒரு வரிக்காகத்தான். அச்சாகும் முன்பே தாங்கள் ஒரு வார்த்தை போனில் சொன்னால், 31ஆம் தேதிக்குள் என் முகம் எனக்குத் திரும்பிவிடும். தவறினால் அக்டோபருக்குப் பிறகு எனக்கு அது கிடைத்தும் பயனில்லை.

தங்கள் இதழ் ஊர் ஊராகப் போய்ச் சேரவும், தங்கள் கண்பார்வையும் தங்கள் புகைப்படக்காரரின் கண்பார்வையும் நூறு வயது வரை தெளிவாக இருக்கவும் குற்றாலநாதர் துணையிருக்கட்டும். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் அன்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னும் பதினெட்டு ஆகாத,
கு. குழல்வாய்மொழி.

பின்குறிப்பு, ஜூலை 30: உறையை ஒட்டிவிட்டேன். தபாலாபீசில் ஸ்டாம்ப் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றதில் ஆறு நாள் போய்விட்டது. அதற்குள் இங்கே நிலவரம் மாறிவிட்டதால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியிருக்கிற எதையும் தயவுசெய்து அச்சில் போட வேண்டாம். திருத்தமும் வேண்டாம். யாருக்கும் போன் செய்ய வேண்டாம். அத்தையின் படத்தை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதிய பக்கங்களைக் கிழிக்க மனம் வராமல்தான் அனுப்புகிறேன். தாங்கள் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

போன சனிக்கிழமை லிங்கேஸ்வரன் அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். என் முகம்தான் தீர்ந்துபோயிற்றே தவிர, சான்றிதழ் வாங்கிய நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் முகமும் இயந்திரத்தில் இல்லை, அத்தனையும் புதிதாகவே இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்கிறது. வடிவம்மாள் அத்தையை உட்காரவைத்தார். ‘குழல்வாய்மொழி, கேமராவைப் பாருங்கள்’ என்றது டேப். அத்தை முறைத்தாள். ‘மிக நன்று’ என்றது. இப்போது இயந்திரத்தில் குழல்வாய்மொழி, வயது பதினேழு, என்பது அத்தைதான். பரீட்சைக்கு விண்ணப்பம் அரசாங்கத்துக்குக் காகிதத்தில் போகுமாம், அதில் என் படம், என் கையெழுத்து. வகுப்புக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. அத்தையின் படத்தை அவள் சொந்தப் பெயரோடு நீங்கள் போட்டால், அந்த இயந்திரம் பார்த்துவிட்டு என்னை வெளியே தள்ளிவிடும். அதனால் ஏழாம் பக்கத்தில் நான் வடிவம்மாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

பதிந்த மறுநாளே வகுப்பு தொடங்கிவிட்டது. ஒரே தொல்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முகம் காட்ட வேண்டும் என்பதால், தினமும் ஆறிலிருந்து எட்டு வரை அத்தை சொளவோடு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு நாள் முனகினாள். நேற்று கணக்கு வகுப்பு. சார் வேகமாகப் போட்டுவிட்டு, ‘என்ன குழல்வாய்மொழி, புரிஞ்சுதா?’ என்று திரையிலிருந்து கேட்டார். நான் தலையை ஆட்டப் போனேன். அத்தை பீடிக்கு நூல் கட்டிக்கொண்டே, ‘புரியல. பைய, மொதல்ல இருந்து சொல்லும்’ என்றாள்.

சார் முதலிலிருந்து சொன்னார். இரண்டாவது தடவையில் எனக்குப் புரிந்துவிட்டது.